நீர் வற்றிய தொட்டியில் ஓர் அக்கார்டியன்

வீட்டு சம்ப்பைக் கழுவ உள்ளே இறங்கியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும்.

தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, இரும்பு மூடியைத் தள்ளி, ஏணியை இறக்கி, துடைப்பமும் பக்கெட்டுமாக உள்ளே போக வேண்டும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அது என் வேலை. மூடியின் வாய் வழியே நுழையும் அளவுக்கு ஒல்லியாக இருந்தவன் நான் ஒருவன்தான். கீழே நின்று, "அம்மா, பிளீச்சிங் பவுடரை எடுத்துக் கொடு" என்று கூப்பிட்டால், வரும் குரல் என்னுடையதாக இருக்காது. தடித்து, கனத்து, நான்கு சுவரும் சேர்ந்து கூப்பிட்ட மாதிரி இருக்கும். மேலே நிற்கும் அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியாது. "என்னடா சொல்ற? நிறுத்திச் சொல்லு" என்பார். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் புரியும். ஒரு சொல்லின் முழக்கம் அடங்கிய பிறகுதான் அடுத்த சொல்லை விட வேண்டும் என்று அந்த எட்டடித் தொட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

1988 அக்டோபர் 8 அன்று, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்ட் என்ற கடலோர ஊரில் மூன்று பேர் இப்படித்தான் ஒரு தொட்டிக்குள் இறங்கினார்கள். ஃபோர்ட் வொர்டன் என்ற பழைய ராணுவக் கோட்டையின் தண்ணீர்த் தொட்டி அது. பியூஜெட் சவுண்ட் கடற்கழியின் வாயிலைக் காப்பதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோட்டை. தீப்பிடித்தால் அணைக்க நீர் வேண்டுமே என்று தரைக்குக் கீழே வட்டமாகத் தோண்டிக் கான்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். கொள்ளளவு 20 லட்சம் கேலன், ஏறக்குறைய 75 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் 600 லாரிக்கு மேல் பிடிக்கும். விட்டம் 186 அடி. உள்ளே கான்கிரீட் தூண்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. கோட்டைக்கு வேலையில்லாமல் போனது, தொட்டியும் வறண்டது. தரையில் ஒரு மூடி, அதிலிருந்து ஓர் ஏணி, கீழே இருட்டு. அவ்வளவுதான் மிச்சம்.

இறங்கிய மூவரில் ஒருவர் இசையமைப்பாளர் பாலீன் ஒலிவெரோஸ். அப்போது அவருக்கு 56 வயது. தோளில் அக்கார்டியன். இன்னொருவர் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர், ட்ரோம்போன் வாசிப்பவர். மூன்றாமவர் பனையோட்டிஸ், பாடகர். ட்ரோம்போனும் குரலும் அக்கார்டியனும் போக, சங்கு, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ, உலோகத் துண்டுகள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் ஆகியவையும் உடன் சென்றன. அங்கே வாசித்துப் பதிவு செய்தது மறு ஆண்டு 'டீப் லிசனிங்' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. ஆழத்தில் இறங்கிக் கேட்டார்கள், ஆழ்ந்தும் கேட்டார்கள். இரண்டு பொருளும் சேர்ந்த பெயர் அது. தொட்டிக்குள் பிறந்த அந்தப் பெயரையே ஒலிவெரோஸ் தன் மீதி வாழ்நாள் வேலைக்கும் வைத்துக்கொண்டார்.

அந்தத் தொட்டியில் ஒரு சத்தம் எழுந்தால் அடங்க 45 நொடி ஆகிறது. இந்த ஒற்றை எண்ணை உணர்ந்துவிட்டால் ஒலிவெரோஸின் இசை முழுவதும் திறந்துகொள்ளும் என்பது என் எண்ணம். அதனால் இதில் சற்று நேரம் நிற்போம்.

முதலில் எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு. மலை முன்னால் நின்று "ஓ" என்றால், ஒரு கணம் கழித்துத் தனியாக ஓர் "ஓ" திரும்பி வருகிறதே, அது எதிரொலி. மூடிய அறைக்குள் ஒலி ஒரு சுவரில் பட்டு, அடுத்த சுவரில் பட்டு, தரையில், கூரையில் என்று ஆயிரக்கணக்கான முறை பட்டுத் திரும்பும்போது, ஒவ்வொரு திரும்பலும் தனியாகப் பிரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து ஒரே நீண்ட வாலாக நமக்குக் கேட்கிறது. இதுதான் எதிர்முழக்கம். அந்த வால் எவ்வளவு நீளும் என்பதை அறையின் அளவும், அறையில் ஒலியை விழுங்கும் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதும் தீர்மானிக்கின்றன.

இதை முதலில் எண்ணால் பிடித்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று நிர்வாகம் அவரிடம் ஒப்படைத்தது. பேசி முடித்த சொல் ஐந்தரை நொடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் மேலே வந்து விழுந்துவிடும். சபைன் ஓர் ஆர்கன் குழலும் நிறுத்துக் கடிகாரமுமாக இரவு நேரங்களில் வேலையைத் தொடங்கினார். பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளைச் சுமந்து வந்து போடுவது, குழலை ஊதி நிறுத்துவது, ஒலி அடங்கும் நேரத்தைக் குறிப்பது, இன்னும் சில மெத்தைகளைப் போட்டு மீண்டும் குறிப்பது. விடிவதற்குள் மெத்தைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். இப்படிப் பல இரவுகள் உழைத்து அவர் கண்டது எளிய ஒரு சூத்திரம்: அறையின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், விழுங்கும் பரப்பு கூடினால் குறையும். இன்றும் உலகெங்கும் அரங்கம் கட்டுபவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள்.

விழுங்கும் பரப்பை அளக்க சபைன் எடுத்துக்கொண்ட அலகு எனக்கு மிகவும் பிடித்தது: திறந்த சன்னல். திறந்த சன்னல் வழியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் என்பது முழுமையான ஒரு சதுர மீட்டர் விழுங்கல். மெத்தை, திரை, புத்தக அலமாரி, மனித உடல் எல்லாவற்றையும் இது எத்தனை சன்னலுக்குச் சமம் என்று சொல்லிவிடலாம். உடை உடுத்திய ஒரு மனிதர் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த சன்னல்.

வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை வெளியே எடுத்த வீட்டில் நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்பது இதனால்தான். கட்டில் மெத்தை, துணி மடித்து வைத்த அலமாரி, திரைச்சீலை என்று நமக்குத் தெரியாமலே வைத்திருந்த சன்னல்களையெல்லாம் அன்று அடைத்துவிட்டோம்.

சபைனின் சூத்திரத்தை ஃபோர்ட் வொர்டன் தொட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். தரையும் கூரையும் சேர்ந்தே 5,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். அவ்வளவு பெரிய இடத்தில் 45 நொடி முழக்கம் வேண்டுமென்றால், மொத்த விழுங்கல் 30, 40 சதுர மீட்டர் சன்னலுக்கு மேல் இருக்க முடியாது. அதாவது ஒரு கல்யாண மண்டபத்துப் பரப்பைப் போலப் பல மடங்கு கொண்ட கான்கிரீட், ஒரு சின்ன வகுப்பறையின் தரை அளவுகூட ஒலியை விழுங்குவதில்லை. வழவழப்பான கான்கிரீட், துணி இல்லை, மரம் இல்லை, சன்னலும் இல்லை. ஒலி நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் 45 நொடியில் 15 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு சுரம் அந்தத் தொட்டியை விட்டு வெளியேறாமலே சுவருக்கும் சுவருக்குமாக 15 கிலோமீட்டர் நடந்துவிட்டுத்தான் ஓய்கிறது.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் வந்தது. அது என்னைச் சிறிது நேரம் வேறெதுவும் செய்ய விடவில்லை. அந்தத் தொட்டியில் கச்சேரி வைத்து 70 பேரை உட்கார வைத்தால், அவர்கள் உடம்பே 35 சதுர மீட்டர் சன்னலாகிவிடும். 45 நொடி முழக்கம் பாதியாக இறங்கிவிடும். கேட்க வந்தவர்களே கேட்க வந்ததைப் பாதி தின்றுவிடுவார்கள். அந்த இசைக்கு மூன்று பேரும் இருட்டும்தான் சரியான சபை. மற்ற நாமெல்லாம் ஒலிப்பதிவின் வழியாகத்தான் அதன் பக்கத்தில் போக முடியும்.

இப்போது வாசிப்பவரின் இடத்தில் நின்று பார்க்கலாம். எதிர்முழக்க நேரம் என்பது ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம். சாதாரண இசையரங்கில் அது ஏறக்குறைய 2 நொடி. வாசிப்பை நிறுத்தினால் நொடிக்கு 30 டெசிபல் வீதம் ஒலி சரிகிறது. நிறுத்தியது எல்லாருக்கும் உடனே தெரியும். தொட்டியிலோ 60 டெசிபல் இறங்க 45 நொடி, நொடிக்கு 1.3 டெசிபல்தான் குறைகிறது. ஒலி கூடியதா குறைந்ததா என்று காது கண்டுபிடிக்கும் மிகச் சிறிய மாற்றமே ஒரு டெசிபல் அளவில் இருக்கிறது. ஆகவே அக்கார்டியனின் துருத்தியை ஒலிவெரோஸ் நிறுத்திய பிறகு முதல் நொடியில் அவர் நிறுத்தியது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது, ஒருவேளை அவருக்கே தெரியாது. எது கருவி வாசித்தது, எது கான்கிரீட் வாசித்தது என்று பிரிக்க முடியாத நிலை அது. சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வருவதால், இருட்டில் ட்ரோம்போன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தத் தொட்டியே ஒரு கருவி, மூவரும் ஒரே நேரத்தில் வாசித்த கருவி என்பது ஒலிவெரோஸின் கருத்து. டெசிபல் கணக்கைப் பார்த்தால் அதில் மிகை ஏதும் இல்லை.

அப்படிப்பட்ட இடத்தில் வேகமாக எதையும் வாசிக்க முடியாது. ஒரு சுரத்தை எழுப்பினால் அது அடுத்த முக்கால் நிமிடம் நம்முடன் இருக்கும். அதன் மேல் வைக்கும் அடுத்த சுரம் அதோடு பொருந்த வேண்டும். தப்பான சுரம் ஒன்று விழுந்துவிட்டால் அழிக்க வழியில்லை. அதையும் சேர்த்துக்கொண்டு இசைவாக ஆக்குவதற்கு அடுத்த சுரத்தைத் தேட வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். நான் சம்ப்பில் கற்ற அதே பாடம், பல மடங்கு பெரிதாக. 'லியர்' என்ற 25 நிமிடப் பகுதியைக் கேட்டால் இது காதுக்கே விளங்கும். ஒரு நீண்ட தாழ்ந்த ஒலி எழுகிறது. அதன் மேல் இன்னொன்று மெல்ல வந்து படிகிறது. முந்தையது தேயத் தேய இதன் நிறம் மாறுகிறது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எந்த ஒலிக்கும் ஓரம் இல்லை. வாசித்த நேரத்தைவிட அதிகமாக மூவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு நிமிடமும் தெரிகிறது.

ஒலிவெரோஸ் தன் அக்கார்டியனை வழக்கமான மேற்கத்திய சுதியிலிருந்து மாற்றி, இயற்கை விகிதங்களில் சுதி சேர்த்து வைத்திருந்தார். பியானோவின் சுதியில் 12 சுரங்களும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றும் இயல்பான இடத்திலிருந்து இம்மியளவு நகர்த்தப்பட்டிருக்கும். வேகமான இசையில் அது பொருட்டில்லை. 45 நொடி ஒலி நிற்கும் இடத்தில் அந்த இம்மி பெரிதாகி, இரண்டு சுரத்துக்கு நடுவே ஒரு நடுக்கமாகக் கேட்கும். நன்றாகச் சுதி சேர்த்த தம்பூராவை மீட்டினால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாக மிதந்து வருவதைப் பாட்டு கற்றவர்கள் அறிவார்கள். சுதி சற்று விலகினாலும் அது வராது. அப்படி ஒரு நுணுக்கத்துக்காகத்தான் இந்தச் சுதி மாற்றம்.

தொட்டிக்குள் இறங்குவதற்கான பயிற்சி அவருக்குச் சிறு வயதிலேயே தொடங்கிவிட்டது. 1932 மே 30 அன்று டெக்சாஸின் ஹூஸ்டனில் பிறந்தவர். அம்மாவும் பாட்டியும் பியானோ சொல்லிக்கொடுப்பவர்கள். வீட்டில் சங்கீதத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சிறுமியின் காது போனது ரேடியோவின் இரைச்சல் பக்கம். தாத்தாவின் கிறிஸ்டல் ரேடியோவின் கரகரப்பையும், அப்பாவின் ரேடியோவில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே வரும் விசிலையும் இரைச்சலையும் அவர் ரசித்துக் கேட்டார். வெளியே டெக்சாஸின் ஈர நிலத்துத் தவளைகளும் பூச்சிகளும் இரவெல்லாம் கத்தின. அதையும் கேட்டார்.

அக்கார்டியன் ஆசிரியர் வில்லார்ட் பாமர் அவருக்கு ஓர் அதிசயத்தைக் காட்டினார். இரண்டு சுரங்களைச் சேர்த்து உரக்க வாசித்தால், கருவியில் இல்லாத மூன்றாவது ஒரு தாழ்ந்த சுரம் கேட்கும். நொடிக்கு 500 அதிர்வும் 400 அதிர்வும் சேர்ந்தால் 100 அதிர்வு. தம்பூராவின் காந்தாரம் தந்தியிலேயே இருக்கிறது. இந்த மூன்றாவது சுரமோ பெரும்பாலும் நம் காதுக்குள்ளேயே உண்டாகிறது. இரண்டு சுரங்களையும் விட்டுவிட்டு அந்த மூன்றாவதை மட்டும் கேட்க வழி உண்டா என்பது அந்தப் பெண்ணின் ஆசையாகிவிட்டது. வழி கிடைக்க ஏறக்குறைய 15 வருடம் பிடித்தது. 1960களில் மின்னணு அலை இயற்றிகளை மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் வைத்து, அவற்றின் வித்தியாசம் மட்டும் காதுக்கு எட்டும்படி செய்தார். எட்டு நிமிடம் ஓடும் 'பை பை பட்டர்ஃபிளை' என்ற 1965ஆம் ஆண்டுப் படைப்பின் ஊளைகள் அப்படிப் பிறந்தவை. நடுவில் புச்சினியின் 'மடாமா பட்டர்ஃபிளை' ஆபெரா இசைத்தட்டின் குரல் ஒன்று அந்த ஊளைகளுக்குள் மாட்டிக்கொண்டு தேய்கிறது.

21ஆவது பிறந்தநாளுக்கு அம்மா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். ஒலிவெரோஸ் மைக்கைச் சன்னல் விளிம்பில் வைத்து வெளியே கேட்பதையெல்லாம் பதிவு செய்தார். பதிவு நடக்கும்போது தானும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திருப்பிப் போட்டபோது, தன் காதில் விழாத பல சத்தங்கள் டேப்பில் இருந்தன. அந்த மைக் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டது. தானோ அங்கேயே உட்கார்ந்திருந்தும் பாதியைத் தவறவிட்டிருக்கிறோம் என்று அவர் கண்டுகொண்டார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் எப்போதும் கேட்பது, கேட்காமல் போகும் கணத்தில் அதை நினைவுபடுத்திக்கொள்வது என்பதைத் தினசரி விரதம் போல எடுத்துக்கொண்டார். ஒரு கலைஞரின் வாழ்க்கையில் ஒரு பொருள் இவ்வளவு நேராகப் பாடம் சொன்ன இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் இசையமைப்பாளர்கள் மார்ட்டன் சுபோட்னிக், ரமோன் செண்டர் ஆகியோருடன் டேப் மியூசிக் சென்டரில் வேலை செய்த காலத்தில் அவர் கையாண்ட ஒரு முறை, பின்னாளின் தொட்டிக்கு முன்னோட்டம் மாதிரி இருக்கிறது. இரண்டு டேப் ரெக்கார்டர்களைத் தள்ளி வைத்து, ஒரே டேப்பை இரண்டிலும் ஓட விடுவார். முதல் இயந்திரம் பதிவு செய்கிறது. அந்த இடம் நகர்ந்து இரண்டாவது இயந்திரத்தை எட்டும்போது ஒலிக்கிறது. டேப்பின் வேகம் நொடிக்கு ஏழரை அங்குலம், நடுவில் ஐந்தடி இடைவெளி என்றால், இப்போது வாசித்தது 8 நொடி கழித்துத் திரும்பி வரும். அதை மீண்டும் முதல் இயந்திரத்துக்கே அனுப்பினால் 16ஆவது நொடியில், 24ஆவது நொடியில் என்று வந்துகொண்டே இருக்கும். சாதாரண அறையில் உட்கார்ந்துகொண்டே, இல்லாத ஒரு பெரிய வெளியை டேப்பின் நீளத்தால் கட்டிக்கொண்டார். காலால் அழுத்தும் பெடல்களும் கணினியும் வந்த பிறகும் இதே எண்ணத்தைத்தான் தன் மேடைக் கருவி அமைப்பில் வளர்த்துக்கொண்டே போனார்.

1967 முதல் 1981 வரை சான் டியகோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். வியட்நாம் போரின் காலம். 1970இல் அந்த வளாகத்திலேயே ஒரு மாணவர் போரை எதிர்த்துத் தீக்குளித்தார். அந்த நாள்களில் ஒலிவெரோஸ் கச்சேரிகளிலிருந்து ஒதுங்கி, அறைக்குள் அமர்ந்து அக்கார்டியனில் ஒற்றைச் சுரத்தை நீள நீள வாசித்தார். மூச்சுக்கும் துருத்திக்கும் உள்ள உறவைக் கவனித்தார். அதிலிருந்து வந்தவைதான் 'சோனிக் மெடிடேஷன்ஸ்'. அதில் இசைக் குறிப்பு எதுவும் இல்லை. சில வரிகளில் செய்முறை மட்டும். வட்டமாக உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள், மூச்சோடு குரல் தானாகச் சேரட்டும் என்ற வகையில் இருக்கும். பாடத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவு அங்கே இல்லை.

கேட்பதை அவர் இரண்டாகப் பிரித்தார். காது திறந்தே இருப்பதால் சத்தம் தானாக வந்து சேர்வது ஒன்று. மனம் அங்கே போய் அதை வாங்கிக்கொள்வது இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை விளக்க அவர் நூல்களில் பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார். தமிழில் அது நம் வாய்ப்பேச்சிலேயே இருக்கிறது. "காதில் விழுந்தது" என்கிறோம். விழுவதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "காது கொடுத்துக் கேள்" என்கிறோம். கொடுப்பது நம் செயல். கேட்பதையே ஒரு செல்வமாக வைத்து வள்ளுவர் தனி அதிகாரம் எழுதிய மொழி இது. ஒலிவெரோஸின் வழியைத் தமிழ் வாசகர் எளிதாகப் பற்றிக்கொள்ள முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

காது கொடுப்பதிலும் அவர் இரண்டு வகை காட்டினார். பேருந்து நிலையத்தில் நிற்கிறோம். கண்டக்டர்களின் கூச்சலில் நம் ஊர்ப் பெயரை மட்டும் தேடுகிறோம். அது குவிந்த கவனம். அதே இடத்தில் பேருந்து வந்துவிட்டது, சன்னலோரம் இடம் கிடைத்தது, இனித் தேட ஒன்றுமில்லை. அப்போது சுண்டல் விற்பவரின் குரல், பின்னால் ஒரு குழந்தையின் அழுகை, எஞ்சினின் உறுமல், தூரத்து ஹாரன் எல்லாம் ஒன்றாக வந்து நிறையும். அது விரிந்த கவனம். இரண்டுக்கும் நடுவே விருப்பப்படி போய்வரத் தெரிவதே பயிற்சி. அதற்காக 1991 முதல் முகாம்கள் நடத்தினார்; பலர் கற்றுக்கொண்டு தாங்களும் கற்பித்தார்கள்.

இடத்தையே இசையாக்கியவர்களில் இன்னொருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆல்வின் லூசியர் 1969இல் 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' என்ற படைப்பைச் செய்தார். ஓர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்கிறார். அதை அதே அறையில் ஒலிபெருக்கியில் போட்டு, மீண்டும் பதிவு செய்கிறார். அதை மீண்டும் போட்டுப் பதிவு. இப்படிப் பல சுற்று. குளியலறையில் பாடும்போது ஏதோ ஒரு சுரம் மட்டும் திடீரென்று பெரிதாகக் கேட்கிறதல்லவா? அறையின் நீள அகலத்துக்கு ஏற்ற அதிர்வெண் அது. ஒன்றரை மீட்டர் இடைவெளியுள்ள சுவர்களுக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 113 அதிர்வு. ஒவ்வோர் அறைக்கும் இப்படிப் பிடித்த சுரங்கள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அறை தனக்குப் பிடித்ததை வளர்த்து, மற்றதைத் தள்ளிவிடுகிறது. முடிவில் சொற்கள் கரைந்து, பேச்சின் தாளம் மட்டும் மிஞ்சிய மணியோசை போன்ற ஒலி நிற்கிறது. லூசியருக்குத் திக்குவாய். அந்தத் திக்கலை அறை மெல்ல மெல்லத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. ஒலிபெருக்கியின் தரத்தைச் சோதிக்க ஒலியைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் முறை பற்றி எம்.ஐ.டி.யில் அமர் போஸ் ஆற்றிய உரையைக் கேட்டு வந்தவர் சொன்னதே இதற்கு விதை. ஒரு தொழில்நுட்பச் சோதனை இவ்வளவு மனிதத்தன்மையுள்ள படைப்பாக மாறியது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. ஆனால் லூசியரின் அறையில் மனிதர் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், மீதியை அறை செய்கிறது. ஒலிவெரோஸின் தொட்டியில் மனிதரும் இடமும் கடைசி வரை ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

சூழலில் கலந்து ஒலிக்கும் இசைக்கு 'ஆம்பியன்ட்' என்ற பெயரை 1978இல் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்காகச் செய்த இசைத்தட்டில் நிலைநிறுத்தினார். கவனிக்காமல் விட்டாலும் இருக்க வேண்டும், கவனித்தாலும் சுவைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அழகான நோக்கம்தான். கடைகளில் ஒலிவெரோஸின் தட்டையும் அதே அடுக்கில் வைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கவனிக்காமல் விட்டுவிடலாம் என்ற சலுகையை ஒலிவெரோஸ் யாருக்கும் தரவில்லை, தனக்கும் தந்துகொள்ளவில்லை.

இன்று எந்த இடத்தின் முழக்கத்தையும் பிரதி எடுத்து மடிக்கணினியில் வைத்துக்கொள்ள முடிகிறது. அந்த இடத்தில் ஒரு பலூனை உடைத்து, அதன் முழக்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். எந்த ஒலியையும் நுண்ணிய பலூன் வெடிப்புகளின் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த வாலைக் கணினி ஒட்டிவிடும். இஸ்தான்புல்லின் ஹேகியா சோஃபியாவில் இப்படிப் பலூன் உடைத்து, அந்தப் பேராலயத்தின் முழக்கத்தில் பைசாந்தியப் பாடல்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உயிர்ப்பித்தார்கள். பாடகர்கள் பாடும்போதே அந்த முழக்கம் அவர்கள் காதுக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்த உடனே பாட்டின் வேகமும் மூச்சும் மாறின. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. வாசித்து முடித்த பிறகு முழக்கத்தைப் பூசுவது எளிது; இன்று எல்லா ஸ்டூடியோவிலும் அதுதான் நடக்கிறது. அப்படிப் பூசிய முழக்கம் வாசிப்பவரின் கையை நிறுத்தவில்லை, அடுத்த சுரத்துக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. ஃபோர்ட் வொர்டனில் ஒவ்வொரு சுரமும் முந்தைய சுரத்தின் மிச்சத்தைக் கேட்டுவிட்டுத்தான் பிறந்தது.

ஒலிவெரோஸ் 2016 நவம்பர் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் காலமானார். வயது 84.

அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, சாமான்களை உள்ளே கொண்டுவருவதற்கு முந்தைய இரவு, விளக்கை அணைத்துவிட்டு அந்த அறையின் நடுவில் நில்லுங்கள். ஒரு முறை கை தட்டுங்கள். ஒலி முழுக்க அடங்கும் வரை எண்ணுங்கள். அடங்கிவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் நின்று கேளுங்கள்.